எடுத்துக் கொடுக்க வேண்டாம்

பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் முழித்த நாள் சின்னவளுக்கு அதிகம் கிடையாது. தெரிந்த பதிலைச் சொல்ல முடியாமல் முழித்த நாள்தான் அதிகம்.

மூன்றாம் வகுப்பில் ஒரு காலை. வாத்தியார் பெஞ்சு வரிசையாக வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே வந்து அவள் முன்னால் நின்றார்.

"நாலு நாலு?"

பதினாறு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் 'ப' உதட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. மூடிய உதடு திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் சொருகியது. பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாத்தியார் பிரம்பால் மேசையைத் தட்டினார். வேறு வழி தெரியாமல், வாயில் சுலபமாக வரும் ஓர் எண்ணைச் சொன்னாள்.

"ஏழு."

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. "நாலு நாலு ஏழா? பேஷ்! உன்னைக் கடையில உக்கார வெச்சா ஊரே பணக்காரன் ஆயிடும்" என்றார் வாத்தியார்.

அன்று அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். தப்பான பதிலுக்கு ஒரு தடவை சிரிப்பார்கள், பிறகு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். சரியான பதிலுக்காக வாயைத் திறக்கப் போராடினால் அந்தப் போராட்டம் முடிகிறவரை சிரிப்பார்கள். அதனால் தப்பாகவே சொல்லப் பழகினாள். தலைநகரம் கேட்டால் வேறு ஊர். பூவின் பாகம் கேட்டால் "தெரியாது, சார்." அந்தத் 'தெரியாது' மட்டும் அவளுக்கு எப்போதும் தங்குதடையில்லாமல் வந்தது. அதைச் சொல்லிச் சொல்லி, சில வருஷத்தில் தனக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது என்று அவளே நம்ப ஆரம்பித்தாள்.

வரிசையாகக் கேள்வி கேட்கும் முறை அவளுக்குத் தனிப் பகை. தன் முறை வர எத்தனை பேர் பாக்கி, எந்தக் கேள்வி தன்மேல் விழும், அந்த விடை எந்த எழுத்தில் ஆரம்பிக்கும் என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். பாடம் காதில் ஏறாது. முறை முடிந்த பிறகோ, உயிர் தப்பிய ஆசுவாசத்தில் உடம்பெல்லாம் சோர்ந்துவிடும். அப்போதும் பாடம் ஏறாது. போதாததற்கு அந்தக் கட்டடத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். இந்தப் பக்கம் ஒருவர் பதில் சொன்னால் அந்தப் பக்கத்துச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். கத்தினால் அவளுக்குத் திக்கல் இன்னும் கெட்டியாகும்.

பையன்கள் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தார்கள். விட்டு விட்டு வருகிறதாம்.

அந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது அவள் அக்கா, பெரியவள். வாய் என்றால் அது வாய். வீட்டில் சின்னவளுக்கு என்ன வேண்டும் என்றாலும் சொல்வது பெரியவள்தான். "அவளுக்குத் தண்ணி வேணுமாம்." "அவளுக்கு வயிறு வலிக்குதாம்." சின்னவள் வாயைத் திறந்து முதல் எழுத்தில் முட்டி நிற்கும்போதே பெரியவள் வாக்கியத்தை எடுத்துக் கொடுத்து முடித்துவிடுவாள். அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். சரியாக இல்லாத நாட்களில் சின்னவள் தலையை ஆட்டிவிட்டு, கேட்காத பொருளை வாங்கிக்கொள்வாள். திருத்துவதற்கும் பேச வேண்டுமே.

ஆறாம் வகுப்பில் ஒருநாள் பாடத்தை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அவள் இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வகுப்பைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அவளைப் போலவே உதட்டை இறுக்கி, கண்ணைச் சொருகி, திக்கிக் காட்டினார்.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பெரியவள் எழுந்து வந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தங்கையின் பையை எடுத்தாள், கையைப் பிடித்தாள். "இனிமே இவ இங்க வரமாட்டா. நீங்களே உங்களுக்குள்ள நடிச்சுக் காமிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி நடந்தாள்.

அதைப் பற்றித் தெருவே மெச்சிப் பேசியது. மெச்ச வேண்டியதுதான். ஆனால் சின்னவளின் படிப்பு அதோடு நின்றது.

*

பெரியவளுக்கு அரசு மருத்துவமனைச் சமையல்கூடத்தில் வேலை கிடைத்தது. சொல்லிவைத்து, தங்கையை அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். அங்கே பேச்சுக்கு வேலையில்லை. இயந்திரங்களின் இரைச்சலில் எல்லாரும் கைஜாடையில்தான் பேசினார்கள். சின்னவள் அங்கே மற்றவர்களுக்குச் சமமாக இருந்தாள். விரிப்புகளைப் பிரிப்பாள், கொதிநீரில் போடுவாள், பிழிந்து காயவைத்து மடிப்பாள். ஒரு விரிப்பைப் பார்த்தால் அதில் படுத்திருந்தவர் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே மடிப்பாள். மேலே வார்டுக்குத் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது கொஞ்சம் தாமதித்து நின்று, நோயாளிகளை எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்று பார்ப்பாள். அந்த வேலை தனக்கு வேண்டும் என்று ஆசை வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணமும் அந்தச் சலவைக்கூடத்தில்தான் முளைத்தது. குழாய் உடைந்து தண்ணீர் பீச்சியடித்த ஒருநாள், ரிப்பேருக்கு வந்த பிளம்பர் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "எந்த வால்வை மூடணும்?" என்று கேட்டார். அவளுக்கு வார்த்தை வரவில்லை. அவர் இரண்டு கையாலும் குழாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் தண்ணீர் வழியக் காத்திருந்தார். கடைசியில் "ப-பச்சை" என்றாள். "சரி" என்றார். பிற்பாடு அவள் அதைச் சொல்லிக் கேட்டபோது, "நான் எங்க காத்திருந்தேன்? கையை எடுத்தா வெள்ளம் வந்துடுமேன்னு கிடந்தேன்" என்று சிரித்தார். காரணம் எதுவாக இருந்தாலும், அவள் வாக்கியத்தை அவளே முடிக்க விட்ட முதல் ஆள் அவர். பெண் பார்க்க வந்தபோது, "அவளுக்குச் சம்மதம்" என்று பெரியவள்தான் சொன்னாள். நல்லவேளையாக அது சரியாக இருந்தது.

*

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அங்கே வேலை செய்பவர்களுக்கு நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி, மத்தியானம் வகுப்பு, தேறினால் வார்டில் உதவியாளர் வேலை. சின்னவள் பெயர் கொடுத்துவிட்டாள். விஷயம் சமையல்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"உனக்கு எதுக்குடி இந்த வம்பு?" பெரியவள் கரண்டியோடு வந்து நின்றாள். "வகுப்புன்னா கேள்வி கேப்பாங்க. பரீட்சைன்னா வாயத் திறக்கணும். மறுபடியும் நாலு பேர் சிரிக்கறதுக்கா?"

"சி-சிரிக்கட்டும்."

"அன்னிக்கு நான் கூட்டிட்டு வந்தேன். இப்ப யார் வருவா?"

"யாரும் வ... வ..."

"வரமாட்டாங்க. அதைத்தான் நானும் சொல்றேன்!"

சின்னவள் அக்காவையே பார்த்தாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தாள். "யாரும் வ-வரவேண்டாம்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. கரண்டியோடு சமையல்கூடத்துக்குத் திரும்பிப் போனாள்.

வகுப்பு நடந்தது பாய்லர் அறைக்கு ஒட்டிய பழைய சாமான் அறையில். ஜன்னலை மூடினால் வெந்து போகும், திறந்தால் பாய்லர் நீராவியை விடும்போது புலி உறுமுவது போல இருக்கும். பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். எல்லாரும் மேடம் என்று அழைத்தார்கள். நல்ல மனசு. முதல் நாள் பெயர் சொல்லச் சொன்னபோது சின்னவள் பட்ட பாட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு, வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டு வரும்போது அவளிடம் மட்டும் நிற்காமல், மெல்லச் சிரித்துத் தாண்டிப் போய்விடுவார்.

சின்னவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு நல்ல டீச்சரைத் தன் ஜென்மத்தில் பார்த்ததில்லை என்று வீட்டில் புருஷனிடம் சொன்னாள். கேள்வி வராது என்று ஆனதும் மனசு லேசானது. மனசு லேசானதும் தூக்கம் வந்தது. சலவைக்கூடத்திலிருந்து வந்த களைப்பு, மின்விசிறிக் காற்று, யாரும் கேட்கப் போவதில்லை என்ற நிம்மதி. மற்றவர்கள் முந்தின நாள் பாடத்தைப் புரட்டிவிட்டு வந்தார்கள். அவள் புரட்டவில்லை. எதற்குப் புரட்ட வேண்டும்?

முதல் எழுத்துத் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது வகுப்பிலேயே கடைசி அவள்தான். மேடம் அவள் தோளைத் தட்டி, "பரவாயில்லம்மா. உன்னால முடிஞ்சது இவ்வளவுதானே" என்றார்.

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. வாத்தியார் திக்கிக் காட்டியதுகூட அப்படிச் சுட்டதில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். ஒருவர் சிரித்து வாயை மூட வைத்தார். ஒருத்தி அன்பால் மூட வைத்தாள். இன்னொருவர் பாவம் பார்த்து மூட வைக்கிறார். இந்தத் தடவை மூடின வாயோடு சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தது யார்? தான்தான். 'தெரியாது, சார்' இன்னும் தனக்குள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் வகுப்புக்கு முன்னால் மேடத்தைப் போய்ப் பார்த்தாள்.

"என்னையும் கே-கேளுங்க."

"உனக்காகத்தானேம்மா விட்டேன். கஷ்டப்படுத்த வேண்டாம்னு."

"எனக்காக விடாதீங்க. கஷ்டம் என்னோடது. நா-நான் பட்டுக்கறேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என்னை முதல்ல கேளுங்க. வரிசையில கேட்டா, என் முறை எப்ப வருமோன்னு பயந்துக்கிட்டே இருப்பேன். ப-பாடம் கேக்க மாட்டேன். முதல்லயே கேட்டுட்டா, அப்புறம் நிம்மதியா கவனிப்பேன். அப்புறம் ஒண்ணு. யாரும் எனக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கேன். தன்னைக் கேளுன்னு கேட்டு வந்த முதல் ஆள் நீதான். சரி, வா."

அன்றைய முதல் கேள்வி அவளுக்கு. "நோயாளியை ஏன் அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்கணும்?"

எழுந்தாள். படுக்கைப்புண் வராமல் இருக்க. வேறு பெயர் சொல்லித் தப்பிக்க வழியில்லாத வார்த்தை. அதே பழைய 'ப'. உதடு ஒட்டியது. பின்னால் உட்கார்ந்து அவளோடு படித்த லிஃப்ட் ஆபரேட்டர், உதவும் மனசோடுதான், "படுக்கைப்புண், படுக்கைப்புண்" என்று கிசுகிசுத்தார். சின்னவள் திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பாய்லர் உறும ஆரம்பித்தது.

"கொஞ்சம் கத்திச் சொல்லும்மா" என்றார் மேடம்.

"கத்த மாட்டேன். ச-சத்தம் நிக்கட்டும், சொல்றேன்."

நின்றுகொண்டே இருந்தாள். யாரோ இருமினார்கள். யாரோ பேனாவை மூடித் திறந்தார்கள். பாய்லர் தன் மூச்சை விட்டு முடித்தது. அவள் சொன்னாள். படுக்கைப்புண் எப்படி வரும், எங்கெங்கே வரும், முதலில் தோல் எந்த நிறமாகும் என்று, விழுந்து எழுந்து, நடுவில் இரண்டு இடத்தில் நின்று, கடைசி வரை சொன்னாள். ஒரு வார்த்தையைக்கூடச் சுற்றுவழியில் கொண்டுபோகவில்லை.

யாரும் கை தட்டவில்லை. "சரி. அடுத்து" என்றார் மேடம், எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில். சின்னவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அன்று வகுப்பு முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்த வாட்ச்மேன் மெல்ல வாயைத் திறந்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. பாய்லர் போடறப்போ நீங்க சொல்றது எங்களுக்கும் விழறதில்ல. கேக்கக் கூச்சமா இருந்துச்சு." அவருக்குப் பின்னாலேயே நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். மேடம் அலுவலகத்தோடு மல்லுக்கட்டி, மாடியில் பூட்டிக் கிடந்த ஒரு கூட்ட அறையை வாங்கினார்.

*

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். மேசைமேல் அழுத்துகிற மணி ஒன்றை வைத்திருந்தார். ஆளுக்குக் கொஞ்ச நேரம், மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். சின்னவளைக் கேட்டது காய்ச்சல் நோயாளியைப் பற்றி. அவளுக்குத் தெரிந்ததில் பாதி வெளியே வருவதற்குள் மணி அடித்தது.

"போதும். நீ போகலாம்."

"நான் இன்னும் மு-முடிக்கல."

"நேரம் ஆயிடுச்சு. வெளியில ஆள் நிக்கிறாங்கல்ல?"

"நிக்கட்டும். நானும் நின்னுட்டுத்தான் வந்தேன்."

டாக்டர் மறுபடி மணியை அழுத்தினார். அவள் மணிச் சத்தத்துக்குள்ளேயே நிதானமாகப் பேசி முடித்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. முடிவு வந்தபோது, பேச்சுத்திறன் போதாது, தேறவில்லை என்று இருந்தது.

சமையல்கூடத்திலிருந்து பெரியவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பறந்து வந்தாள். "வாடி. பெரிய டாக்டர் ரூமுக்குப் போலாம். நான் பேசறேன் பாரு. கிழிச்சுத் தொங்க விடறேன்."

"அக்கா."

"நீ சும்மா இரு. உனக்கு என்ன நடந்துச்சுன்னு நான்..."

"அக்கா. எ-எடுத்துக் கொடுக்காத."

பெரியவள் நின்றாள்.

"சின்ன வயசுலேர்ந்து நீ எனக்காகப் பேசின. நான் உன்னைக் கு-குறை சொல்லல. ஆனா நீ பேசப் பேச, நான் பேசாமயே இருந்துட்டேன். இன்னிக்கு நான் பேசலன்னா, அந்த டாக்டர் எழுதினது உ-உண்மையாயிடும்."

பெரியவளின் கண் கலங்கியது. கோபமா துக்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "அப்ப நான் என்ன பண்ணட்டும்?" என்றாள், குழந்தை போல.

"வெளியில உக்காரு."

பெரிய டாக்டரின் அறை வாசலில், பெஞ்சில், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு பெரியவள் உட்கார்ந்திருந்ததைப் பற்றிச் சமையல்கூடத்தில் இன்றைக்கும் பேசிச் சிரிக்கிறார்கள். உள்ளே சின்னவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் த-தப்பா சொன்னேனா, மெதுவா சொன்னேனா?"

பெரிய டாக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தப்பு என்று எங்கேயும் குறித்திருக்கவில்லை. "இப்படிப் பண்ணலாம்" என்றார். "உனக்கு மட்டும் எழுத்துத் தேர்வா வெச்சுடறேன். எழுதிக் குடுத்துடு. சங்கடமே இல்ல."

வேறு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவளுக்குள்ளேயும் அந்தப் பழைய ஆசுவாசம் மெல்லத் தலை தூக்கியது. அதை ஓங்கி அமுக்கினாள்.

"வேண்டாம், சார். வார்டுல நோயாளிக்கு எ-எழுதியா குடுப்பேன்? பேசித்தான் ஆகணும். பேசறேன். அந்த மணியை மட்டும் எடுத்துடுங்க. எனக்கு மட்டும் இல்ல, எ-எல்லாருக்கும்."

மணியை எடுக்கவில்லை. ஆனால் நேரம் போதவில்லை என்று கேட்பவர்களுக்குக் கூடுதல் நேரம் தரலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். மறுதேர்வுக்கு அதே டாக்டர்தான் வந்தார். அவள் உட்கார்ந்ததும், "எனக்குக் கூ-கூடுதல் நேரம் வேணும்" என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, இரண்டு குறுக்குக் கேள்வி போட்டார். ஒன்றுக்கு அவளுக்கு உண்மையிலேயே விடை தெரியவில்லை. "தெரியாது" என்றாள். அன்று அது உண்மையான தெரியாது. தேறினாள். முதலிடம் இல்லை, நடுவில் எங்கேயோ.

*

திக்கல் போகவில்லை. போகும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. இப்போது ஆண்கள் வார்டில் வேலை. சில நோயாளிகள் பொறுக்கமாட்டாமல் அவள் வார்த்தையை எடுத்துக் கொடுத்து முடிப்பார்கள். முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவள் முதலிலிருந்து தன் வாக்கியத்தைத் தானே சொல்வாள். இரண்டு தடவைக்கு மேல் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. போன் பேசுவது மட்டும் இன்னும் மலையேறுவது போலத்தான். அதையும் அடுத்தவரிடம் தள்ளுவதில்லை.

போன வாரம் காலை ரவுண்ட்ஸ். புதிதாக வந்த இளம் டாக்டர், காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர் போல நடப்பவர். ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிற பெரியவர் இரவெல்லாம் சாப்பிட்டதை வாந்தி எடுத்ததைச் சின்னவள் சொல்ல ஆரம்பித்தாள். 'வா'வில் நின்றது. "சரி சரி, அப்புறம் சொல்லுங்க" என்று அவர் நடந்தார். அவளும் நடந்தாள். அவர் வராந்தாவில் திரும்பினார். அவளும் திரும்பினாள், சொல்லிக்கொண்டே. லிஃப்ட் திறந்தது. அவர் உள்ளே போனார். அவளும் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. ஓட வழியில்லை. லிஃப்ட் ஆபரேட்டர் ஒன்றும் தெரியாதவர் போல எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாடியில் அவள் சொல்லி முடித்தாள். டாக்டர் இறங்கவில்லை. "கீழ போங்க" என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பி, "எப்ப ஆரம்பிச்சுது வாந்தி?" என்று கேட்டார்.

சின்னவள் மூச்சை இழுத்து, மறுபடி வாயைத் திறந்தாள்.